ஒண்ணு என்று யாரும் இல்லை

எங்கள் தெற்கில் ஒண்ணு என்று யாரும் கிடையாது. வீட்டில் முதலில் பிறப்பது ரெண்டு, அடுத்தது மூணு, இப்படியே போகும். பெயர் என்று ஒன்று வைப்பார்கள்தான், ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கும் பட்டாளத்துக்கும் கல்லறைக்கும். மற்ற நேரமெல்லாம் எண்தான். ஒண்ணை ஏன் விட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தலைப்பிள்ளையைத் தூக்கிப் போக வரும் பேய், ஒண்ணைத் தேடித் தேடி ஏமாந்து திரும்பட்டும் என்பதற்காக என்று என் அம்மா சொல்வாள். என் பெயர் மென். நான் தலைப்பிள்ளை, அதனால் ரெண்டு. என் புருஷன் தோமும் தலைப்பிள்ளை, அவரும் ரெண்டு. கோட்டைக்குள் யாராவது ரெண்டு என்று குரல் கொடுத்தால் இரண்டு தலை எட்டிப் பார்க்கும். இதை வைத்தே எல்லாரும் எங்களைக் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்டை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பன் கால்வாய் ஆற்றில் சேரும் மூக்கில், சேற்றைக் குழைத்து முக்கோணமாக எழுப்பிய மண்சுவர். சுற்றி அகழி, அகழியில் வாத்து, அதற்கு அப்பால் முள்கம்பி. ஊர்க்காவல் படை ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அதற்குள்ளேயே குடியிருந்தோம். ஒரு மூலையில் இயந்திரத் துப்பாக்கி, இன்னொரு மூலையில் மீன் சாறு ஊறும் பானை. பாரிஸில் கையெழுத்துப் போட்டாயிற்று, சண்டை முடிந்தது என்று ரேடியோ சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ரேடியோக்காரனைப் பிடித்து வந்து எங்கள் சுவர்மேல் ஒரு பகல் உட்கார வைத்திருக்க வேண்டும். அமெரிக்காக்காரன் போன பிறகு மாவட்டத்தில் பீரங்கிக் குண்டை அரிசி மாதிரி அளந்துதான் கொடுத்தார்கள். ஆண்கள் செத்துக் குறையக் குறைய, அவர்கள் விட்ட துப்பாக்கியைப் பெண்கள் எடுத்தோம்.

முன்பெல்லாம் எங்களைச் சுட வந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களே. நாலு வயல் தள்ளிக் குடியிருந்தவர்கள். சுடுவதற்கு முன் எங்கள் அம்மாவைத் திட்டுவார்கள், நாங்கள் அவர்கள் பாட்டி வரைக்கும் போய்த் திட்டுவோம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் டெட் புத்தாண்டுப் பண்டிகை நேரத்துப் பெரிய சண்டையில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வடக்கத்திப் பையன்கள். அவர்கள் பேச்சே வேறு. பன்றிக்கு வேறு சொல், கிண்ணத்துக்கு வேறு சொல், அப்பாவுக்கு வேறு சொல். எங்கள் சேற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று தெரியாமல் வந்து, தெரியாமலே செத்தார்கள். அவர்கள்மேல் எனக்குப் பரிதாபம் வந்ததில்லை. இப்போது சில நாள் வருகிறது, அதுவும் முழுசாக இல்லை.

தோமுக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது. இதை நான் சொன்னால் பெண்டாட்டி குறை சொல்கிறாள் என்பார்கள், ஆனால் ஊருக்கே தெரிந்த விஷயம். எங்கள் கல்யாண ஊர்வலத்திலேயே முன்னால் போய்விட்ட ஆள். நானோ எதற்கும் நிதானம். வரப்பில் நடந்தால் அவர் அடுத்த வயலில் இருப்பார், நான் இந்த வயலில் இருப்பேன், “வெரசா வா, வெரசா வா” என்று குரல் மட்டும் முன்னாலிருந்து வரும். ஒருமுறை சந்தையில் நான் மீன்காரியோடு பேசிக்கொண்டு நின்றபோது படகை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். பாதி ஆற்றில்தான் நான் படகில் இல்லை என்று தெரிந்திருக்கிறது. திரும்பி வந்தாரா என்றால் அதுதான் இல்லை. எதிர்க்கரையில் இறங்கி நின்று, நீந்தி வா என்று கத்தினார். நான் வீடு வந்து சேர்ந்து ஒரு வாரம் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

வாசல் பக்கத்துக் காவல் எங்கள் இருவருக்கும். வாசலுக்கு எதிரே அகழிமேல் பலகைப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இடி விழுந்து தலை கருகிய தென்னை முண்டம். அந்த வாரம்தான் தோம் கிளேமோர் வெடிகளைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கி, அந்த முண்டத்தைப் பார்த்தபடி சேற்றில் புதைத்திருந்தார். கிளேமோர் தட்டையான வெடி. வெடித்தால் முன்னால் இருப்பதையெல்லாம் இரும்பு உருண்டையால் சல்லடையாக்கிவிடும். அதிலிருந்து வரும் கம்பியின் முனையில், காவல் இருக்கும் எங்கள் கைக்கெட்டும் இடத்தில், ஒரு கைப்பிடி, அழுத்தினால் வெடிக்கும். அதற்குத் தேரை என்று பெயர். உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் தேரையின் உருவம்தான் அதற்கு. கோட்டைத் தலைவர் ஆறண்ணன், வெடியை இவ்வளவு தூரத்தில் வைத்தால் நனைந்தே வீணாகும் என்றார். வருகிறவன் அந்த முண்டத்தடியில்தான் ஒதுங்குவான், பாலத்தில் ஏறுவதற்கு முன் எவனானாலும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பான் என்று தோம் சொன்னார். இரண்டு பேரும் கத்தினார்கள். கடைசியில் தோம் சொன்ன இடத்திலேயே வெடி இருந்தது, ஏனென்றால் ஆறண்ணன் பேசி முடிப்பதற்குள் அவர் புதைத்து முடித்திருந்தார்.

அன்றைக்குக் காலையில் அடுத்த கோட்டையிலிருந்து குண்டுப் பெட்டி வாங்கி வர மூன்று பேரோடு தோம் படகில் போனார். அந்த மூவரில் ஒருவன் லுவாவின் புருஷன். லுவாவுக்கு எண் ஏழு, என்னைவிடச் சின்னவள், கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. உச்சிவேளையில் கால்வாய் வளைவுப் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஆள் அனுப்பச் சொல்லி ஆறண்ணனிடம் சண்டை போட்டேன். யாரை அனுப்ப என்று கேட்டார். சுவரில் இருந்தவர்களைக் கையால் காட்டி, இதில் யார் போனால் கோட்டை நிற்கும், நீயே சொல் என்றார். நான் போகிறேன் என்றேன். அவர் என் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு யோசித்துத் திருப்பிக் கொடுத்தார். ரேடியோவில் மாவட்டத்தைக் கூப்பிட்டால், மழை விடட்டும் பார்க்கலாம் என்று பதில். அப்போது மழை தொடங்கியேயிருக்கவில்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் தொடங்கியது. பிற்பகல் வேளை, ஆனால் விளக்கு வைக்கும் நேரம்போல இருட்டிவிட்டது. சுவர் மண் கரைந்து எங்கள் காலடியில் ஓடியது.

வாத்துகள்தான் முதலில் கத்தின. பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

“ஒண்ணு! ஏ ஒண்ணு! நான்தான், தோம். கதவத் தெற. அடிபட்டவங்களத் தூக்கிட்டு வந்திருக்கோம்.”

குரல் அவருடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. லுவா அழுதுகொண்டே ஓடிப்போய் வாசல் கட்டையைத் தூக்கினாள். ஆறண்ணன் பாய்ந்து அவள் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்துச் சேற்றில் தள்ளினார். அவள் எழுந்து அவர் கையைக் கடித்தாள். அவர் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“என்னன்னு கூப்புட்டான்?”

அவருக்கும் கேட்டிருந்தது.

“மழையில சரியா கேக்கல அண்ணே,” என்றாள் லுவா. “ரெண்டுன்னுதான் சொல்லிருப்பாரு. தெறங்க அண்ணே, அடிபட்டிருக்காங்கன்னு சொல்றாருல்ல.”

அவள் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். புத்தரையும் கூப்பிட்டேன், செத்துப்போன என் அப்பாவையும் கூப்பிட்டேன். அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

“ஒண்ணு. நம்ம வீட்டு ஒண்ணு. கேக்குதா? நான் இங்கதான் நிக்கிறேன்.”

இப்போது லுவாவுக்கும் கேட்டது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒண்ணு இல்லை, தெற்கிலேயே எந்த வீட்டிலும் இல்லை. அதோடு இன்னொன்றும் எனக்கு மட்டும் கேட்டது. வெரசா வா என்று அவர் சொல்லவில்லை. எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் அந்தச் சொல் இல்லாமல் அவர் வாய் என்னைக் கூப்பிட்டதில்லை.

துப்பாக்கி வைக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். தென்னை முண்டத்தடியில் எங்கள் ஆட்களின் மழைச்சட்டை போட்டு நாலைந்து பேர். இரண்டு பேர் ஒரு தூளியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அதில் ஆள் கிடக்கிற பாரம் தெரியவில்லை. நடுவில் தோம், தலையில் ஒன்றும் இல்லாமல் நனைந்துகொண்டு. அவருக்குப் பின்னால் ஒருவன் ஒட்டி நின்றான். இன்னும் பின்னால், கால்வாய் ஓரத்து நீர்ப்பனைக் கூட்டம் காற்றுக்கு எதிர்ப்பக்கம் அசைந்தது.

ஆறண்ணன் என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். தோமோடு தினமும் சண்டை போட்ட மனுஷன், தினமும் ஒரே பானையில் கள் குடித்த மனுஷனும்கூட.

“தேரையக் குடு, ரெண்டக்கா,” என்றார். “நீ கீழ போயிடு. நான் பாத்துக்கிறேன்.”

“என்னத்தானே கூப்புடுறாரு,” என்றேன். “உங்களயா கூப்புட்டாரு?”

கதவைத் திறக்காதே என்று மட்டும் சொல்கிறாரா, இல்லை அழுத்து என்றும் சொல்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. திறக்காமல் இருந்தால் ஒருவேளை அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போவார்கள், கைதியாக வைத்துக்கொள்வார்கள், என்றைக்காவது விடுவார்கள் என்றும் புத்தி ஓடியது. திறக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே அறுத்துப் போடுவார்கள் என்றும் ஓடியது. நீர்ப்பனைக்குள் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி வேலிக்குக் கிட்டே வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே சமையல் குழியில் பிள்ளைகள் இருந்தார்கள். நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது. வழக்கம்போல அதிக நேரம்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அழுத்தினேன். நனைந்ததோ என்னவோ, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன்.

தென்னை முண்டம் இருந்த இடத்தில் மழை மேல்நோக்கிப் போனது. சேறும் துணியும் என்னென்னவோ சுவர்மேல் வந்து அறைந்தன. காது அடைத்துவிட்டது. வாத்துகள் வாயைத் திறந்து திறந்து மூடின, சத்தம் இல்லை. நான் தேரையைக் கையில் வைத்தபடியே நின்றேன். ஆறண்ணன் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுத் துப்பாக்கியைக் கையில் திணித்தார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. நீர்ப்பனைக்குள்ளிருந்து ராக்கெட் வந்து வாசல் கட்டைகளைச் சிராய்ச் சிராயாகப் பிளந்தது. ஒரு சிராய் லுவாவின் கழுத்தில் போய் நின்றது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பிடுங்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் பிடுங்கிவிட்டாள். இயந்திரத் துப்பாக்கிக்காரன் வயிற்றைத் தன் துண்டாலேயே கட்டிக்கொண்டு சுட்டான், கட்டு அவிழும் வரைக்கும் சுட்டான். அவர்கள் கம்பிமேல் பாயைப் போட்டு அதன்மேல் ஓடி வந்தார்கள். பலகைப் பாலத்தில் வரிசையாக வந்தவர்களை நான் வரிசையாகவே சுட்டேன். அகழியில் விழுந்தவர்களுக்கு அங்கே புதைத்திருந்த மூங்கில் முளைகள் இருந்தன. வடக்கத்திப் பேச்சில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் தோமைக் கொன்றவள், எனக்கு அந்த நேரத்தில் யார் அம்மாவும் முக்கியமில்லை.

பிளந்த வாசல் வழியாக ஒருவன் உள்ளே வந்தான். என் துப்பாக்கியில் தோட்டா தீர்ந்திருந்தது. அவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் அவன்மேல் விழுந்தேன், இரண்டு பேரும் மீன் பானைகள்மேல் உருண்டோம். பானை உடைந்து, ஊறல் பட்டுக் கண்ணெல்லாம் எரிந்தது. அவனுக்கும் எரிந்திருக்கும். அவன் விரல் என் வாய்க்குள் இருந்தது, கடித்தேன், எலும்பு உடைவது பல்லில் தெரிந்தது. வாத்து வெட்டும் கத்தி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். வாத்துக்கு எங்கே வைப்பேனோ அங்கே வைத்து இழுத்தேன். அவன் எடையெல்லாம் என்மேல் இறங்கியது. அவனைத் தள்ளிவிட்டு எழுந்தபோது ஆறண்ணனுக்கு ஒரு காது இல்லை. அவர் அதை உணராமல் ரேடியோவில் மாவட்டத்தை அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் திட்டுக்குத்தானோ, மழை விட்டதற்கோ, கடைசியில் மாவட்டத்துப் பீரங்கிக் குண்டு வந்தது. முதல் குண்டு எங்கள் வாத்துகள்மேல் விழுந்தது. அடுத்தவை நீர்ப்பனைமேல் விழுந்தன. அதன் பிறகு அவர்கள் வரவில்லை.

வெயில் வந்தது, மாலை வெயில். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. பாலத்தில் பாதிப் பலகைதான் மிச்சம், அதன்மேல் நடந்து தென்னை முண்டத்துக்குப் போனேன். தோமை முழுசாக எடுக்க முடியவில்லை. எடுத்தவரைக்கும் என் மேல்துணியை விரித்துச் சேர்த்தேன். வலது கை மட்டும் ஒழுங்காக இருந்தது. அது இன்னொருவன் இடுப்புப் பட்டைக்குள் நுழைந்து, விரல் மடங்கி, கெட்டியாகப் பிடித்திருந்தது. அந்த இன்னொருவனுக்கு முகம் இல்லை, சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. அவர்கள் தலைவன் என்று ஆறண்ணன் சொன்னார். விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

முண்டத்துக்குப் பின்னால் ஒருவன் உயிரோடு இருந்தான். இருபது வயதுகூட இருக்காது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, யாருடைய மழைச்சட்டையையோ கிழித்துத் தானே கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஆள் ஒருவன் துப்பாக்கி முனையை அவன் வாய்க்குள் விட்டான். நான் அதை எடுக்கச் சொன்னேன். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றேன். அவன் பெயரைக் கேட்டேன். வின் என்றான்.

மற்ற மூவரும் கால்வாய் வளைவிலேயே செத்தார்கள் என்று சொன்னான். இவரைப் பிடித்து, வீடு எங்கே, பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று தலைவர் கேட்டாராம். பெண்டாட்டி வாசல் காவலில் இருக்கிறாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல் என்று முடிவாகியிருக்கிறது. எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

“என்னை ஒண்ணுன்னு கூப்புடச் சொன்னது யாரு?”

“எங்க தலைவர்தான், அக்கா. தெக்கத்திக்காரங்க வீட்ல நம்பர் வச்சுத்தான் கூப்புடுவாங்க, பேரச் சொன்னா சந்தேகப்படுவாங்கன்னு சொன்னாரு. உன் பொண்டாட்டி எத்தனாவது பொண்ணுன்னு அவர்கிட்ட கேட்டாரு. மூத்தவன்னு அவர் சொன்னாரு. அப்ப ஒண்ணுதானன்னு தலைவர் கேட்டாரு. உங்க வீட்டுக்காரர் அவரக் கொஞ்ச நேரம் பாத்தாரு. பாத்துட்டு, ஆமா சார், ஒண்ணுதான், உங்களுக்கு எப்டித் தெரியும்னு கேட்டாரு. தலைவருக்கு ஒரே சந்தோசம்.”

ஆறண்ணன் சிரித்தார். காதுப் பக்கம் ரத்தம் ஒழுக ஒழுகச் சிரித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்களோடு எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வந்திருந்தாலும், தெற்கில் ஒண்ணு கிடையாது என்று சொல்லி அந்தத் தலைவன் வாயை அங்கேயே அடைத்திருப்பான்.

“இந்த எடத்துல நிக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்டேன்.

“அவருதான். பாலத்துல ஏறுனா சுட்டுருவாங்க, இங்கயே நில்லுங்க, இங்க நின்னா மொகம் தெரியும்னு சொன்னாரு. நாங்க நின்னோம். கூப்புட்டாரு. நீங்க வரல. தலைவருக்குப் பொறுமை போயிடுச்சு. ஏமாத்துறியா, ஏன் இன்னும் வரலன்னு முதுகுல கத்திய வச்சாரு. ஓரமாப் போயிரலாம்னு தலைவர் நகரப் பாத்தாரு. உங்க வீட்டுக்காரர் அவர் பட்டையப் புடிச்சுக்கிட்டு நகர விடல.”

“என்ன சொன்னாரு?”

அவன் கண் சொருகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கேட்டான். என் குப்பியை அவன் வாயில் வைத்தேன். குடித்ததில் பாதி வெளியே வந்தது.

“கோபமெல்லாம் இல்ல, அக்கா. சாதாரணமாத்தான் சொன்னாரு. பொறுங்க சார், வருவா, அவ எப்பவுமே மெதுவாத்தான் வருவா, நான் நிக்கிறேன்ல அப்படின்னாரு.”

மாவட்டத்திலிருந்து படகு வருவதற்குள் அவனும் போய்விட்டான். ஆறண்ணன் மண்வெட்டி எடுத்து வந்து, தோண்டவா என்று கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்றேன். நான் சேற்றில் தோமின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை வரப்பு, எத்தனை படித்துறை, எத்தனை சந்தை. ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில் எனக்காக நின்றிருப்பாரா அந்த மனுஷன்? அன்றைக்கு நின்றார். நான் வந்து சேரும்வரை நின்றார்.